செய்தி போய்ச் சேராத கணினி

எங்கள் ஒலிநூலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘பொறுங்க மேடம்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘பொறுங்க’. கணினி மக்கர் செய்கிறது என்று யாராவது அலறிக்கொண்டு போனால் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டாவது சொல்லும் அதுதான். நான் பிரதி எடுக்கும் பிரிவில் இருக்கிறவள். பதிவான புத்தகங்களை மெமரி கார்டில் ஏற்றிப் பார்வையில்லாத வாசகர்களுக்கு அனுப்புவது என் வேலை. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால் ஆரம்பத்தில் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எங்களிடம் இருந்தவை எல்லாம் லினக்ஸ் கணினிகள். யார் எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்து தன் பெயரை அடித்தாலும், அது நடுவில் இருக்கும் ஒரு சர்வரிடம் போய், இவர் யார், இவருடைய கோப்புகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று கேட்கும். எல்லாருடைய விவரமும் உள்ள அந்த இடத்துக்கு டைரக்டரி என்று பெயர். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டால் நேரமாகிறது என்று, ஒரு முறை கிடைத்த பதிலைக் கணினி தன்னிடமே பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். அப்படிச் சேர்த்து வைப்பதை அவள் கேஷ் என்பாள். வம்பு வருவது அங்கேதான். டைரக்டரியில் விவரம் மாறியிருக்கும்; கணினி பழைய பதிலையே கட்டிக்கொண்டு அழும்.

ஒரு தடவை எங்கள் காவலாளிக்கு, வருகிறவர்கள் பெயரைப் பதிவு செய்வதற்காகக் கணினி கொடுத்தார்கள். மனிதர் ஆசை தாங்காமல், அவருக்குக் கணக்குத் தொடங்குவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டார். அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. பிறகு கணக்குத் தொடங்கியாகிவிட்டது. அப்போதும் அப்படி ஒருவர் இல்லை என்றே வந்தது. அவர் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம்.

“எதிர்ல இவ்ளோ பெரிசா நிக்கிறேன், ஆளே இல்லைங்குது பாருங்க” என்றார்.

“அது பொய் சொல்லலீங்க” என்றாள் பொறுங்க. “நீங்க முதல்ல கேட்டப்போ நிஜமாவே நீங்க இல்லை. அதை ஞாபகம் வச்சிருக்கு. உங்களுக்கு அவசரம், அதுக்கு விசுவாசம்.”

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எதற்கெடுத்தாலும் கேஷை மொத்தமாகத் துடைத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். எனக்கு அவரைத்தான் பிடித்திருந்தது. இவள் அப்படி இல்லை. முதலில் கணினியிடம், இந்த ஆளைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பாள். அப்புறம் டைரக்டரியிடம் அதே கேள்வியைக் கேட்பாள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். வேறுபாடு எங்கே, எப்போதிலிருந்து, ஏன் என்று தெரிந்த பிறகுதான் கணினியை மறக்க வைப்பாள். எனக்குக் கால் தரையில் நிற்காது.

“தொடைச்சு விட்டுட்டுப் போயேன்மா. கார்டு எல்லாம் காத்துக் கிடக்கு” என்று நான் ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“மறக்க வைக்கிறது ஒரு கட்டளைதான் அக்கா. ஆனா மறந்த பிறகு, நீ ஏன் அப்படி நினைச்சேன்னு அதுகிட்டக் கேக்க முடியாது பாருங்க” என்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

அவளை எனக்குப் பிடித்துப்போனது அவளுடைய மாமியாரால்தான். சொன்னால் சிரிப்பீர்கள். மருமகளை ஒருத்திக்குப் பிடிக்க வைக்கிற மாமியார் உலகத்தில் எங்கே இருக்கிறார்?

அந்த அம்மாவுக்கு வெண்கலக் குரல். வீட்டில் ஒரு சொல் சொன்னால் மூன்று வீடு தள்ளிக் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும் என்று மருமகளே சொல்லுவாள். மகன் தையல் இயந்திரம் பழுது பார்க்கிறவர், பரம சாது. அம்மா எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும், என்ன ஏது என்று கேட்காமல், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு “இதோம்மா” என்று ஓடுவார். நாளெல்லாம் அப்படி ஓடுகிற புருஷனைப் பார்த்துப் பார்த்து, இந்தக் குரலுக்கு வீடு போதாது என்று பொறுங்க முடிவு கட்டிவிட்டாள். எங்களுக்கு வாசிக்க ஆள் தேவைப்பட்டபோது மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

“என்னை வீட்டை விட்டுத் துரத்தப் பாக்குறா” என்று அந்த அம்மா வரவேற்பறையிலேயே எல்லார் முன்னாலும் சொன்னார். “துரத்துறதைக் கொஞ்சம் மரியாதையாத் துரத்துறா, அவ்ளோதான்.”

ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்தார். நான் கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். திட்டுகிற குரலை அடுப்பில் மெதுவாகக் காய்ச்சி எடுத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பெரிய நாவல்கள் எல்லாம் அவருக்குத்தான்.

பதிவான ஒவ்வொரு புத்தகத்தையும் வெளியே அனுப்புமுன் முழுக்கக் கேட்டுத் திருத்தம் சொல்லுகிறவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவரை எல்லாரும் ‘காது’ என்போம், அவரும் தொலைபேசியை எடுத்தால் “காது பேசுறேன்” என்றுதான் சொல்வார். வாசிக்கிறவர் பக்கம் புரட்டுகிற ஓசை, நாற்காலி முனகுவது, வயிறு பசித்துக் கத்துவது, எதையும் விடமாட்டார். அவருக்கும் அந்த அம்மாவுக்கும் ஓயாத சண்டை. இவர் திருத்தம் அனுப்புவார்; அந்த அம்மா மறுபடி வாசித்துவிட்டு, கடைசியில் “போதுமா ஐயா, இல்லை மூச்சையும் நிறுத்திடவா?” என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். அவர் அந்த வரியை வெட்டும்போது சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒலிப்பதிவு அறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு புத்தகம் தொடங்கினால் முடியும் வரை அந்த அறையின் கணினியை அணைக்கக் கூடாது, அதிலிருந்து வெளியேறவும் கூடாது. திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போக வேண்டும். அணைத்துப் போட்டால் ஒலி அளவு மாறிப்போகும். புத்தகத்தின் நடுவில் குரல் தடித்தோ மெலிந்தோ விடும். காது கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். இந்த வழக்கத்தை அந்த அம்மா அளவுக்குக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. துப்புரவுக்கு வருகிற பெண் துணியை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனாலே, “கையை எடு” என்று கண்ணாடிக்குள்ளிருந்து சத்தம் வரும்.

இந்த நிலையில்தான் அவருக்குத் தொண்டை கட்டியது. சளி என்றார்கள். மாத்திரை சாப்பிட்டார். சரியாகவில்லை. கடைசியில் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எடுத்த பிறகு குரல் இருக்காது. அப்போது அவர் ஒரு தலையணை கனமான நாவலில் பாதி தாண்டியிருந்தார். ஒரு பெண் பிறந்ததிலிருந்து கிழவியாகிற வரைக்குமான கதை.

எங்கள் அலுவலகத் தலைவர் நல்ல மனிதர். “வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்மா. நீங்க உடம்பைப் பாருங்க” என்றார்.

“அவ புருஷன் ஊரைவிட்டுப் போற இடத்துல விட்டுட்டு நான் போகவா?” என்றார் அந்த அம்மா. அப்போதே குரலில் மணல் கலந்திருந்தது. “கேக்குறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? முடிச்சுட்டுத்தான் கத்தி வைக்கச் சொல்லியிருக்கேன்.”

தினமும் கொஞ்சம் வாசிப்பார். குரல் போய்விட்டால் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். பொறுங்க தன் மேசையை விட்டு எழுந்து, பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். மருமகளும் மாமியாரும் கண்ணாடிக்குப் பின்னால் வாயசைப்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. எனக்கு அந்தப் பக்கம் போக வேலையே இல்லை. ஆனாலும் போய்ப் பார்ப்பேன்.

அதே சமயத்தில்தான் கோப்புகள் இருந்த பழைய பெட்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டுப் புதிதாக ஒரு பெரிய சர்வர் வாங்கினார்கள். ஒரு விடுமுறையில் பொறுங்க எல்லாவற்றையும் புதியதற்கு நகலெடுத்து, டைரக்டரியில் எல்லாருடைய முகவரியையும் மாற்றினாள். இனி இன்னாருடைய கோப்புகள் இங்கே என்று. அவரவர் கணினியை அவரவர் ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும், புது முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அவள் அறை அறையாகப் போய் “அணைச்சுப் போட்டீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றவர்களின் கணினியில் தானே உட்கார்ந்து ஒரு தடவை சரிபார்த்தாள். மாமியாரிடமும் கேட்டாள்.

“ஆச்சு ஆச்சு” என்றார் அந்த அம்மா.

ஆகவில்லை. புத்தகம் முடிகிற வரைக்கும் அணைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். மருமகளிடம் வாதாடக் குரலை வீணாக்குவானேன் என்று ஒரு பொய்யோடு முடித்துவிட்டார். எந்தக் கணினியின் பேச்சையும் சும்மா நம்பாதவள், மாமியாரின் பேச்சை அப்படியே நம்பினாள். அந்த ஒரு அறையை மட்டும் அவள் சரிபார்க்கவில்லை.

அதனால் அந்த அறையின் கணினி, பழைய முகவரியையே நினைத்துக்கொண்டு, பழைய பெட்டியிலேயே அவருடைய குரலைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சில வாரங்கள் அப்படிப் போயின. பிறகு ஒருநாள் காலை பழைய பெட்டிகளின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஒலிப்பதிவு அறையின் கணினி கல்லாகிவிட்டது.

அந்த அம்மா வாசிக்க உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் குரல் நன்றாக இருந்தது. அப்படி வாய்க்கிற நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. பொறுங்க ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். நாற்காலியில்கூட உட்காரவில்லை. கணினியை அணைத்துப் போட்டாள், கேஷை அடியோடு துடைத்தாள், மறுபடி எழுப்பினாள். புது முகவரியைக் கேட்டுக்கொண்டு சமர்த்தாக வேலை செய்தது. அந்த அம்மா புத்தகத்தில் துணி நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திரையில் அத்தியாய எண் சற்றுப் பின்னால் போய்த்தான் விழுந்திருக்கும். யார் பார்த்தது? அந்த அம்மாவின் கண் புத்தகத்தில் இருந்தது. பொறுங்கவின் கண் அந்த அம்மாவின் தொண்டையில் இருந்தது. அன்றைக்கு அவள் ‘பொறுங்க’ என்று சொல்லவே இல்லை என்பது எனக்கே பின்னால்தான் உறைத்தது.

புத்தகம் முடிந்தது. கடைசி வரியை வாசித்துவிட்டு அந்த அம்மா எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து ஏதாவது சொன்னார். என்னிடம், “கார்டை வெயில்ல வைக்காத” என்றார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். அறுவை நல்லபடியாக நடந்தது. வீட்டுக்கு வந்தார். குரல் இல்லை.

காது அந்தப் புத்தகத்தைக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு மத்தியானம் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்தக் கதையில அந்தப் பொண்ணு போன அத்தியாயத்துலதான் முழுகாம இருக்கா. இந்த அத்தியாயத்துல அவ பையன் சைக்கிள் ஓட்டுறான். நடுவுல ஏழெட்டு வருஷத்தைக் காணோமே.”

நான் கார்டுக்கு ஏற்றும்போது ஏதோ விட்டுவிட்டேன் என்று நினைத்து அவர்மேலேயே பாய்ந்தேன். பார்த்தால் புது சர்வரிலேயே இல்லை. பொறுங்க வந்தாள். திரையைப் பார்த்தாள்.

“அத்தை அணைக்கலை” என்றாள். “அன்னிக்கு அது நின்னுபோனதே அதனாலதான். ஏன் நின்னுச்சுன்னு நான் கேக்கவே இல்லை. துடைச்சுட்டேன்.”

தலைவர் சத்தம் போடவில்லை. “நடுவுல மட்டும் வேற யாரையாவது வச்சு வாசிச்சுச் சேர்த்துடலாம்” என்றார். அது நியாயமான யோசனைதான். ஆனால் போன குரலை மறுபடி வாங்கிவர முடியாது. இருக்கிற பதிவைத் தொலைத்துவிட்டோம் என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியவள் மருமகள்.

பழைய பெட்டிகள் ஒரு டஜனுக்கு மேல் பின்கட்டு அறையில் அடுக்கிக் கிடந்தன. வாசகர்களின் முகவரிகள் அவற்றில் இருந்ததால், உடைத்து நொறுக்குகிற நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. மறுநாள் வண்டி வருகிறது.

“எல்லாத்தையும் நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா” என்றார் தலைவர். “எந்தப் பெட்டின்னு நம்பர் சொல்லு. அந்த ஒண்ணை நான் பிடிச்சு வைக்கிறேன்.”

எந்தப் பெட்டி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. யாருடைய கோப்பு எந்தப் பெட்டியில் என்பது டைரக்டரியில் மட்டும் இருந்த விவரம். அதைத்தான் அவள் மாற்றி எழுதிவிட்டாளே. பழைய டைரக்டரியின் நகல் ஒன்று உண்டு. அதுவும் அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குள்தான் கிடந்தது. ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்க்க ஒரு நாள் போதாது. எல்லாக் கணினிகளும் புது முகவரியைத் தெரிந்துகொண்டுவிட்டன. அவள் நல்ல வேலைக்காரி, ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. பழையதை நினைவு வைத்திருந்த கடைசிக் கணினியைத் தன் கையாலேயே துடைத்திருந்தாள்.

அவள் நடைபாதையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. “எழுந்திரு, தரை அழுக்கு” என்றேன்.

“புது விஷயம் போய்ச் சேராத மெஷின் ஒண்ணு வேணும் அக்கா” என்றாள், தனக்குத் தானே பேசுவதுபோல. “இத்தனை வருஷமா அந்த மாதிரி மெஷினைத் தேடித் தேடித் திருத்துறதுதான் என் பொழைப்பு. இப்போ ஒண்ணுகூட இல்லை.”

அப்போதுதான் எனக்கு இரண்டாவது ஒலிப்பதிவு அறை நினைவுக்கு வந்தது. சுவரில் நீர் கசிந்து, பூஞ்சை பிடித்து, சர்வர் மாற்றுவதற்கு வெகு நாள் முன்பே பூட்டிப் போட்ட அறை. அந்த அம்மா அதற்கு முந்தின நாவலை அங்கேதான் வாசித்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய ஒரு கணினி இருந்தது. அதைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பூட்டைத் திறந்து உள்ளே போனோம். ஈர வாடை. உறையை உருவினேன். மேசையை நகர்த்தி, மின் இணைப்பைக் கொடுத்து, தரையில் கிடந்த நெட்வொர்க் கேபிளை எடுத்துச் செருகப் போனேன். அது என் பிறவிக் குணம்.

“பொறுங்க” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேபிளை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் சுற்றிக்கொண்டாள்.

“இதைச் செருகினா அது உடனே டைரக்டரிகிட்டக் கேட்டு, தெரிஞ்சதை எல்லாம் புதுசா மாத்திக்கும். யார்கிட்டயும் கேக்க முடியாம இருந்தாத்தான், பழையதாப் போனாலும் கையில இருக்கிற பதிலைச் சொல்லும்.”

கணினி முக்கி முனகி எழுந்தது. அவள் தன் பெயரை அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். தப்பு என்றது. அதன்பின் எத்தனையோ தடவை கடவுச்சொல்லை மாற்றியிருந்தாள். இந்தக் கணினிக்கு அதெல்லாம் தெரியாது. அன்றைக்கு என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். யோசிக்க யோசிக்க இன்னும் தூரம் போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை விசைப்பலகைமேல் வைத்து, அவை போனபடி போகவிட்டாள். திறந்துகொண்டது.

அதற்கப்புறம் அவள் செய்தது வழக்கமாகச் செய்வதைத்தான். மாமியாரின் பெயரை அடித்து, இவரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். அந்தக் கணினி ஒரு வரியில் பதில் சொன்னது. இன்னார், இன்ன பிரிவு, கோப்புகள் இருக்குமிடம் ஒன்பதாம் பெட்டி. அவள் அந்த வரியை விரலால் தொட்டாள். அழுதாள். நானும் அழுதேன், பூஞ்சை வாடை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

ஒன்பதாம் பெட்டியைத் தலைவர் தன் அறைக்கே தூக்கிவரச் சொல்லி மேசைமேல் வைத்துக்கொண்டார். மறுநாள் வண்டிக்காரர்கள் மற்றதை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் நிதானமாக, ஒவ்வொரு அடியாக, அந்தப் பெட்டியை எழுப்பினாள். காணாமல் போன அத்தியாயங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் கோப்பைத் திறந்ததும், மணல் கலந்த அந்தக் குரல், பிரசவ வலியில் கிடக்கிற பெண்ணைப் பற்றி வாசித்தது. வாசல் பக்கம் நின்றிருந்த காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

காது அவற்றைக் கேட்டு முடிக்கச் சில நாள் ஆயிற்று. வெறும் வாசிப்பு மட்டும் அதில் இல்லை. குரல் களைத்த நாட்களில் அந்த அம்மா பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். மருமகள் பிளாஸ்கோடு உள்ளே வந்தபோது பேசியதெல்லாம் பதிவாகிவிட்டது. அதை வெட்டலாமா என்று மருமகள் வழியாகக் காது கேட்டனுப்பினார். அந்த அம்மா இரண்டு விரலைக் கத்தரிபோல அசைத்துக் காட்டினாராம். புத்தகம் என்றால் புத்தகம் மட்டும்தான்.

“வெட்டச் சொன்னாங்க, வெட்டிட்டேன்” என்றார் காது, பொறுங்கவின் கையில் ஒரு கார்டை வைத்து. “தூக்கிப் போடச் சொல்லலையே.”

வாசித்தவருக்கு முதல் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலியில் கழுத்தில் மெல்லிய துணி சுற்றிக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கார்டை வாங்கி, வெயிலில் வைத்தேனா என்று முகர்ந்து பார்ப்பதுபோல மூக்கருகில் வைத்துக் கேலி செய்தார். ஏதாவது வேண்டுமென்றால் ஸ்பூனால் நாற்காலிக் கையில் தட்டுகிறார். மகன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்கு என்னவோபோல் இருந்தது.

பொறுங்க தன் பையிலிருந்து காது கொடுத்த கார்டை எடுத்து, மேசைமேல் இருந்த ஒலிக்கருவியில் செருகினாள். மாமியார் அது என்ன என்று புருவத்தை உயர்த்தினார்.

“வெட்டினது, அத்தை” என்றாள். “நீங்க வேண்டாம்னா நிறுத்திடறேன்.”

அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். வேண்டாம் என்று கையை எடுப்பதற்குள் அது ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் நாற்காலி நகர்கிற ஓசை. கதவு திறக்கிற ஓசை. பிறகு அந்தக் குரல். வாசிக்கிற குரல் இல்லை, வீட்டுக் குரல். கரகரத்திருந்தாலும் அதட்டல் அப்படியே இருந்தது.

“கதவைச் சாத்து. சத்தம் உள்ள வருது.”

“இதோம்மா” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. பாத்திரம் தொட்டியில் விழுகிற சத்தம். மகன் ஈரக் கையோடு ஓடி வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“சாத்திட்டேம்மா” என்று திரும்பியவர், மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த கருவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. பதிவில் அந்தக் குரல், வெந்நீர் கொண்டுவந்தாயா, நீ சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே போனது. பொறுங்க அதை நிறுத்தப் போனாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டி, வா என்று கூப்பிட்டு, தன் பக்கத்து நாற்காலியை ஸ்பூனால் தட்டினார். அவர் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் கடைசி வரைக்கும் கேட்டார்கள். முடிந்ததும் அந்த அம்மா விரலை வட்டமாகச் சுழற்றி, முதலிலிருந்து போடச் சொன்னார்.